மேலே சாம்பல், கீழே வேறு

கை நீட்டுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பெருமைக்காகச் சொல்லவில்லை. பாக்டரியில் என்னோடு வேலை பார்த்தவர்கள் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வார்கள். அப்படிக் கொடுத்த அடிகளில் ஒன்றை, ஒன்றே ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமென்றால் இந்த வலது கையை வெட்டிக் கொடுத்துவிடுவேன்.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் எங்கள் எஸ்டேட். எனக்கு பாக்டரி மாடியில் இலை வாட்டுகிற வேலை. அண்ணன் ஆபீசில் கிளார்க்கு. இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். நான் என் வீட்டில் கத்தினால் அவர் வீட்டில் பாத்திரம் அதிரும். அவர் பேசுவது அவர் வீட்டுக்குள்ளேயே கேட்காது.

எஸ்டேட்டில் உடுப்புக்கு ஒரு கணக்கு உண்டு. எங்கும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். வயசானவர்கள் வேட்டிக்கு மேலே கோட்டுப் போட்டால் அது குளிருக்கு. மேலும் கீழும் ஒரே துணியில் சூட்டுப் போட்டால் அது கல்யாணத்துக்கு. கோடு, கட்டம் எதுவும் இல்லாத சாம்பல் கோட்டு, கீழே வேறு நிறத்தில் பேண்ட் என்றால் அது துரை, பங்களாவில் இருக்கிற எஸ்டேட் மேனேஜர். துரை ஒருநாள் பழுப்பு பேண்ட் போடுவார், ஒருநாள் சந்தன நிறம். கோட்டு மட்டும் மாறாது. மிஸ்ட் என்று நாங்கள் சொல்கிற பனிமூட்டத்துக்குள் முகம் தெரியாவிட்டாலும், மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறம் நகர்ந்து வந்தால் கொழுந்து பறிக்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஸ்டாஃபில் யாராவது அப்படிப் போட்டிருந்தால், "ஏனுங்க, பங்களாவுக்கே குடி போயிட்டீங்களா?" என்று கேட்டே சாகடித்திருப்போம். அதனால் யாரும் போட்டதில்லை.

தேயிலை விலை விழுந்துகொண்டே போனது. வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் போனால் பாக்டரி கேட்டில் பூட்டு. அந்த வாரம் நாங்கள் மனுஷர்களாகவே இல்லை. பறித்த இலையை ரோட்டில் கொட்டி மிதித்தோம். ஜீப்பைத் தூக்கிக் கால்வாயில் கவிழ்த்தோம். ஆபீசில் ஒரு கண்ணாடி மிஞ்சவில்லை, அதில் நாலு நான் உடைத்தது. சமாதானம் பேச வந்த சூப்பர்வைசருக்குக் கன்னத்தில் ஒன்று விட்டேன். அவர் ரத்தமாகத் துப்பினார். எனக்கு அப்போது அது நல்லாத்தான் இருந்தது.

அண்ணன் இது எதற்கும் வரவில்லை. ஊட்டியில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று ஸ்வெட்டரோடு போய்ப் பார்த்தார். மேனேஜர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை முதலாளி வருவார், கோட்டுப் போட்டு வாங்க என்று அனுப்பிவிட்டாராம். அண்ணனுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். இந்த வேலை கிடைக்கவில்லை என்றால் பெரியவளின் படிப்பை நிறுத்தித் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்ப வேண்டியதுதான். அண்ணி என்னிடமே சொல்லி அழுதார்.

புதன்கிழமை அண்ணன் என் வாசலில் வந்து நின்றார்.

"ஏன்டா சாமி, கோட்டுக்குக் கீழ வேட்டி கட்டிட்டுப் போனா ஆகாதா?"

"ஏனுங்கண்ணா, ஓட்டல்ல நிக்கப் போறீங்களா, இல்ல பந்தி விசாரிக்கப் போறீங்களா? போட்டா துரை போடற மாதிரி போடுங்க. இல்லாட்டி பேசாம ஊட்டுல இருங்க."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவரிடம் கோட்டே கிடையாது என்று எனக்குத் தெரியும். எங்கேயாவது பழசு வாங்குவார், இல்லாவிட்டால் ஸ்வெட்டரோடவே போவார் என்று அத்தோடு மறந்துவிட்டேன்.

துரை வியாழக்கிழமை காலை ஊரைவிட்டு ஓடப்போகிறார் என்று பங்களாவில் சமைக்கிறவர் புதன்கிழமை மத்தியானமே சொல்லி அனுப்பியிருந்தார். காலையில் முன் கேட்டில் கூட்டம் நிற்கும். அப்படியென்றால் பாக்டரிக்குப் பின்னால் இருக்கிற குறுக்குப் பாதையில்தான் பஸ் ரோட்டுக்கு இறங்குவார். விடிந்ததும் நானும் இன்னும் இரண்டு பேரும் அங்கே சில்வர் ஓக் மரத்தடியில் போய் நின்றோம். என் கையில் முழ நீளத்துக்கு ஒரு கட்டை. நிறுத்திப் பேசத்தான், அடிக்கக் கூடாது என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். பொய். நான் அடிக்கத்தான் நின்றேன்.

மிஸ்ட் இறங்கிப் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பாதைப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எங்களைத் தாண்டி ஓர் ஆள் இறங்கினார். மேலே சாம்பல், கீழே பழுப்பு. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி வேக நடை.

"எங்க வயித்துல அடிச்சுட்டு எங்கடா ஓடறே, நாயே!"

முதல் அடி தோளில். அவர் கையால் தலையை மறைத்தபடி திரும்பினார். இரண்டாவது அடி வாயில் விழுந்தது. ஏதோ முறிகிற சத்தம் கட்டை வழியாக என் கைக்கே வந்தது. விழுந்தவரை மற்ற இரண்டு பேரும் உதைத்தார்கள். நான் மூன்றாவதுக்கு ஓங்கினேன்.

"வேண்டாஞ் சாமி. கோட்டு கிழிஞ்சிரும். ஸ்டுடியோக்காரரோட கோட்டு."

என்னைச் சாமி என்று கூப்பிடுகிறவர் உலகத்தில் ஒருவர்தான்.

குன்னூரில் போட்டோ ஸ்டுடியோவில் ஆணியில் ஒரு சாம்பல் கோட்டு தொங்கும். போட்டோ எடுக்கப் போகிற எல்லோரும் அதைத்தான் போட்டுக்கொள்வோம். என் கல்யாணப் போட்டோவிலும் அதுதான். படம் இடுப்போடு நின்றுவிடும், அதனால் அதற்குக் கீழே என்ன போடுவது என்று யாரும் யோசித்ததில்லை. அதை அண்ணன் ஒருநாளைக்கு இரவல் வாங்கியிருக்கிறார். நாங்கள் கேலி பண்ணுவோம் என்று கூசிப்போய்த்தான் பின்பாதையில் இறங்கியிருக்கிறார்.

மற்ற இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். அண்ணன் ரத்தத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, கோட்டில் படாமல் குனிந்து உட்கார்ந்திருந்தார். "பஸ் போயிருச்சா?" என்று கேட்டார். முன்பல் இரண்டு இல்லை. அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். ஐயோ, நான் அன்றைக்கு அழுத மாதிரி எங்கள் அப்பா செத்தபோதுகூட அழவில்லை.

தாடையில் கம்பி கட்டினார்கள். ஹோட்டலில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். துரை முதல் நாள் சாயங்காலமே, கூட்டம் கலைந்ததும், காரில் முன் கேட் வழியாகவே போயிருந்தார். பெரியவள் பரீட்சை எழுதாமலே திருப்பூருக்குப் பஸ் ஏறினாள். யார் கேட்டாலும் படியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றுதான் அண்ணன் எழுதிக் காட்டினார். நானும் வாயைத் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து அண்ணி துவைத்து மடித்த ஒரு பழுப்பு பேண்ட்டோடு வந்தார். என் பேண்ட். நான் கல்யாணத்துக்கு எடுத்தது.

"தம்பி, அன்னைக்குக் காலைல நீங்க பாக்டரிப் பக்கம் போனப்புறம் உங்க ஊட்டுல கேட்டு வாங்கிட்டுப் போனாருங்க. துரை மாதிரி போடணும்னு தம்பி சொல்லியிருக்கான், அவன் சொன்னா சரியா இருக்கும்னாரு. எத்தனை தேய்ச்சும் முட்டிகிட்ட ரத்தக் கறை போகலீங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இரண்டு கையாலும் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.