பத்து நிமிஷம் முந்தி ஓடிய கம்ப்யூட்டர்

வித்துரா பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஈரக் குடை வாடையும் டீசல் புகையும்... நெடுமங்காட்டிலிருந்து நின்றுகொண்டே வந்ததில் கால் கடுத்தது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நாகர்கோவில்காரியான எனக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் முதல் வேலை. ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கிளை லேபுகளிலிருந்து சிட்டி சர்வருக்கு அனுப்பும் வெப் சர்வீஸ் எங்களுடையது. அப்போதுதான் புதிதாகப் போட்டிருந்தோம். எல்லாக் கிளையிலிருந்தும் போகிறது, வித்துராவிலிருந்து மட்டும் போகாது. "செக்யூரிட்டி சரிபார்ப்பில் பிழை" என்று ஒரே வரி. அதற்கு மேல் வாய் திறக்காது, கல்லுளிமங்கன்.

பாஸ்வேர்டை மாற்றினோம். சர்டிஃபிகேட்டை மாற்றினோம். இரண்டு பக்க செட்டிங்ஸையும் வரி வரியாக ஒப்பிட்டுக் கண் பூத்துப்போனது...
ஒன்றும் சிக்கவில்லை.

லேப் முதலாளி நெடுமங்காட்டில் இருந்துகொண்டு போனில் கத்தினார். அந்த எஸ்டேட் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் பிடிபடவில்லை, இந்த வாரம் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் போடுகிறேன் என்றார். அதனால்தான் என்னை பஸ் ஏற்றினார்கள்.

அந்தப் பெண் செல்வி, வித்துரா லேபில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவள். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் வீடு. மலையாளத்தில் பயந்து பயந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், நான் தமிழ் என்று தெரிந்ததும் ஓடிப்போய் சாயா வாங்கி வந்தாள். அப்பாவுக்கு எஸ்டேட்டில் வேலை நின்றுபோய் இவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறதாம்.

சாயாவைக் குடித்தபடி ஸ்கிரீன் மூலையைப் பார்த்தேன். பிறகு என் வாட்சைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் பத்து நிமிஷம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

அட கடவுளே... இதற்கா இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம்? போகிற ஒவ்வொரு செய்தியிலும் அனுப்பிய நேரம் இருக்கும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் சர்வர் நம்பாமல் தள்ளிவிடும்.

சரிசெய்ய மவுஸைத் தொட்டேன். செல்வி என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அத மட்டும் மாத்தாதீங்கக்கா. அஞ்சு மணிக்கு பஸ்ஸு. கம்ப்யூட்டர்ல அஞ்சு ஆனாத்தான் அன்னைக்கு கணக்க க்ளோஸ் பண்ண விடும். சரியான டைம் வெச்சா நான் பூட்டிட்டு ஓடுறதுக்குள்ள வண்டி போயிரும், கேட்டோ."

அதை விட்டால் அன்றைக்குப் போனக்காட்டுக்கு வேறு பஸ் இல்லை. காட்டு வழி. ஆனை நிற்குமாம்.

நேரத்தைத் திருத்தினால் பஸ் போகும். திருத்தாவிட்டால் வேலை போகும். சனிக்கிழமைதோறும் நாகர்கோவில் வண்டிக்காகத் தம்பானூர் ஸ்டாண்டில் மூச்சிரைக்க ஓடுகிறவள் நான். எனக்கு மனசு வரவில்லை.

ஆபீஸுக்குத் திரும்பி, சர்வர் பொறுக்கும் நேரத்தை ஐந்திலிருந்து பதினைந்து நிமிஷமாக்கினேன். இரண்டு பக்க செட்டிங்கும் ஒத்துப்போகவில்லை, இப்போது ஒத்துப்போகிறது என்று மேனேஜரிடம் சொன்னேன். என்ன மாற்றினேன் என்று பார்த்துவிட்டு, செக்யூரிட்டியைத் தளர்த்த உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று வறுத்தெடுத்தார். தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் வித்துராவிலிருந்து முடிவுகள் வரிசையாக வந்து விழுந்தன. செல்வியின் வேலையும் தப்பியது.

அடுத்த வருஷம் நான் பெங்களூருக்கு மாறிவிட்டேன். பழைய ஆபீஸ் தோழி ஒருத்தி போனில் எதையோ பேசும்போது சொன்னாள். புது வெர்ஷன் போட்டபோது அந்த நேர அளவு பழையபடி ஐந்துக்கே போய்விட்டது, வித்துரா மறுபடி மக்கர் பண்ணியது...

"ஒண்ணும் பெருசா நோண்டலப்பா. அங்க ஆளை மாத்தினாங்க, சரியாயிடுச்சு."

புதுப் பெண்ணுக்கு வீடு வித்துராவிலேயே இருக்கிறதாம். கடிகாரத்தை முந்தி வைக்க அவளுக்குத் தேவையில்லை.

இப்போது எந்த மெஷினும் சரியான நேரத்தை நெட்டிலிருந்து தானே வாங்கிக்கொள்கிறது. என் டீமில் இருக்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பிழை வரும் என்பதே தெரியாது. நல்லதுதான், எனக்கும் இனி வரி வரியாகப் பார்க்கத் தெம்பில்லை.

செல்வி அதற்குப் பிறகு எங்கே வேலைக்குப் போனாள் என்று தெரியாது. பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் முன்னால் விடுகிற இடமாகக் கிடைத்திருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.