ஹெர் நோவாக் ஆரோக்கியமாக இருந்த நான்கு மணி நேரம்

எக்ஸ்ரே பேருந்துக்குள் எப்போதும் ஈரக் கம்பளியும் டீசலும் கலந்த ஒரு வாசனை. திரைக்கு அந்தப் பக்கம் சட்டையைக் கழற்றிவிட்டு, சில்லென்ற தகட்டில் நெஞ்சை வைக்கும்போது எல்லா ஆண்களும் ஒரே மாதிரி "ஹூ..." என்பார்கள். இந்தப் பக்கம் பெயர் எழுதிக்கொண்டிருக்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

எழுபதுகளின் தொடக்கம். ஜெர்மனியின் சுரங்க நகரமான கெல்சென்கிர்ச்சன். பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். சேவை, தொண்டு போன்ற சொற்கள் மீது எனக்கு அன்றும் பெரிய நம்பிக்கை கிடையாது. எழுபதைத் தாண்டிவிட்ட இன்றும் கிடையாது. என்னை இழுத்துப் போனவர் ஜெசிந்தா அக்கா. நாகர்கோவில்காரர், கெல்சென்கிர்ச்சன் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ்.

"சனிக்கெழம ரூம்ல கெடந்து சன்னலப் பாக்கதுக்கு, வந்து நாலு பேரு பேர எழுதேன்ட்டி" என்றார். போனேன்.

வீடில்லாதவர்களுக்கு ஒரு தேவாலயக் கூடத்தில் சனிக்கிழமை காலையில் சூப் கொடுப்பார்கள். அவ்வப்போது காசநோய்ப் பரிசோதனைக்காக அந்தப் பேருந்து வாசலில் வந்து நிற்கும். அடுத்த சனிக்கிழமை பட்டியல் வரும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முடிவைச் சொல்வது என் வேலை.

அங்கே வருபவர்களில் ஒருவர் ஹெர் நோவாக். ஹெர் என்றால் திரு; அவர் என்னை அழைக்கும் ஃப்ராய்லைன் என்றால் செல்வி. அறுபது வயதிருக்கும். நிலக்கரிச் சுரங்கம் மூடியபோது வேலை போனது, வேலையோடு கம்பெனி வீடும் போனது. ஓயாத இருமல்.

"இது நிலக்கரி, ஃப்ராய்லைன். முப்பது வருஷமா உள்ள போச்சு, இப்ப கொஞ்சம் கொஞ்சமா வெளிய வருது" என்பார்.

டிராமில் போகும் தூரத்தில், எஸ்ஸனில் இருந்த அவர் மகளுக்குக் குழந்தை பிறந்து ஆறு வாரம். இந்த இருமலோடு வரவேண்டாம் என்று மகள் சொல்லியிருந்தாள். படம் சுத்தமாக இருந்தால் போகலாம். அதற்காகத்தான் அவர் அந்தத் தகட்டில் நெஞ்சை வைத்ததே.

பட்டியல் வந்தது. பெரும்பாலான பெயர்களுக்கு எதிரே 'ஓ.பே.' என்று இருந்தது. 'குறை எதுவும் இல்லாமல்' என்பதன் சுருக்கம், அது எனக்குத் தெரியும். நெஞ்சில் நிழல் தெரிந்தவர்களுக்குத் தனியாகக் கடிதம் போகும் என்பதால், அவர்கள் பெயருக்கு எதிரே தங்கும் விடுதியின் முகவரி மட்டும் இருந்தது.

ஹெர் நோவாக் பெயருக்கு எதிரே 'ஓ.எஃப்.வே.'

அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆனால் 'ஓ' என்றால் 'இல்லாமல்'. நோய்ப் பட்டியலில் எது இல்லாமல் இருந்தாலும் நல்லதுதானே... யாரையும் கேட்கவில்லை. கேட்டால் ஜெர்மன் தெரியாதவள் என்று நினைப்பார்களே என்ற கூச்சம். படித்தவர்களுக்கே உரிய கூச்சம் அது.

"எல்லாம் நல்லா இருக்கு, ஹெர் நோவாக்" என்றேன். மணி பத்து. அவர் சூப்பை முடிக்காமலேயே எழுந்து போனார்.

ஒன்றரை மணிக்கு டியூட்டி முடிந்து வந்த ஜெசிந்தா அக்கா, நான் குறியிட்ட பட்டியலைப் பார்த்தார்.

"நோவாக்குக்கு என்னட்டி சொன்ன?"

"நல்லாருக்குன்னு சொன்னேங்க்கா. ஓ.எஃப்.வே.ன்னு போட்டிருக்கே."

"அது நெலையான முகவரி இல்லாதவர்னு அர்த்தம்ட்டி. லெட்டர் அனுப்ப வீடில்லாத்ததுனால அப்பிடி எழுதியிருக்கு. அந்த மனுசனுக்கு நெஞ்சுல நெழலு."

எனக்கு ஆறு வாரக் குழந்தைதான் கண்முன் வந்தது.

"அழுகதுக்கு இப்ப நேரமில்ல. நான் டிராம் நிறுத்தத்துல போய் நிக்கேன். நீ யோசி, எங்க போயிருப்பாருன்னு."

யோசித்தேன். பேரக்குழந்தையை முதன்முதலாகப் பார்க்கப் போகிற மனிதர், குளிக்க வீடில்லாதவர்... நகராட்சிக் குளியல் நிலையத்துக்கு ஓடினேன். சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன்.

"இருமுறவரா? சனிக்கிழமை வரிசையில ரொம்ப நேரம் நின்னு உள்ள போனார், ஏழாம் தொட்டி. ரெண்டாவது சோப்பு வாங்கிட்டுப் போயிருக்கார்."

சற்று நேரத்தில் வந்தார். சவரம் செய்த முகம், படிய வாரிய ஈரத்தலை, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை.

"நீங்களும் குளிக்கவா, ஃப்ராய்லைன்? உங்க ஊர்ல தண்ணி இல்லன்னு சொல்லுவாங்க, இவ்வளவு தூரமா வரணும்?"

சொன்னேன். நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். அது என் நன்மைக்காக என்று எனக்குப் புரியச் சற்று நேரமானது.

"பத்து மணியிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் ஆரோக்கியமா இருந்திருக்கேன்" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து. "நாலு மணி நேரம். நல்லாத்தான் இருந்துச்சு."

பிறகு, "மகளுக்கு நீங்க போன் பண்ணுங்க. பிள்ளைக்கு யார் மூக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

பக்கத்துச் சாவடியிலிருந்து போன் செய்தேன். அவர் கண்ணாடிக்கு வெளியே தள்ளி நின்றார். மகளிடம் விஷயத்தைச் சொல்லி, மூக்கையும் கேட்டேன். "அப்பா மூக்குதான்னு சொல்லுங்க" என்றாள்.

நான் கண்ணாடி வழியாக அவரைச் சுட்டி, என் மூக்கைத் தொட்டுக் காட்டினேன். மனிதர் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலையே ஜெசிந்தா அக்கா அவரை மருத்துவமனையில் சேர்த்தார். அங்கிருந்து காசநோய் இல்லத்துக்குப் போனார். எட்டு மாதம் கழித்து, குணமாகி, எஸ்ஸனுக்கு டிராம் ஏறினார்.

இதையெல்லாம் நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

இன்றும் சில சனிக்கிழமைகளில் இப்படி ஓர் இடத்துக்குப் போகிறேன், வேறு நகரம். இப்போது கணினி இருக்கிறது, கையுறை இருக்கிறது, மருத்துவரே வருகிறார். என்னைப் போன்ற அரைகுறைகளிடம் முடிவு சொல்லும் வேலையைக் கொடுப்பதில்லை. நல்லதுதான். அந்தக் காலமே மேல் என்பவர்களோடு எனக்கு எப்போதும் ஒத்துப்போகாது.

ஆனால் போன வாரம், மறுபரிசோதனைக்கு வரவேண்டிய ஒருவர் வரவில்லை. மூன்று முறை பெயரைக் கூப்பிட்டுவிட்டு, அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

"எங்க போயிருப்பார்?" என்று கேட்டேன்.

யாருக்கும் தெரியவில்லை. ஒரு வருடமாக அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் எனக்கும் தெரியவில்லை.