கிழக்கிலிருந்து நின்ற தறிகள்

எதிர்வீட்டுச் சின்னம்மாவின் அலமாரியில், தறி நாடாக்களுக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவில் என்னுடைய ரெக்கார்டர் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் கருவி. காற்று இரைச்சல் புகாமலிருக்கத் தலையில் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுத் தொப்பி. தூசி படியக் கூடாதென்று சின்னம்மா அதன்மேல் பழைய ஜாக்கெட் துணி ஒன்றைப் போட்டு மூடி வைத்திருக்கிறார். ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். திருப்பிக் கேட்டதில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லாமல் போனதைச் சொல்வதென்றால் ஓர் இயக்குநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதையும் மனமில்லாமல்தான் சொல்வேன்.

நான் படங்களுக்கு ஒலி சேர்ப்பவள். அருப்புக்கோட்டையில் விசைத்தறித் தெருவில் பிறந்து, மின்னணுவியல் படித்து, பிறகு ஒலிப்பதிவு கற்றுச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தவள். எதையும் பட்டியலாக்கிவிட்டால்தான் எனக்கு நிம்மதி. எண், இடம், நேரம், என்ன சத்தம், எவ்வளவு நீளம், தரம் எப்படி என்று ஆறு கட்டங்கள். பதிவு செய்த ஒவ்வொன்றையும் இந்த ஆறு கட்டங்களுக்குள் எழுதி வைப்பேன். மூடிக்கிடக்கும் தறிக்கொட்டகை ஒன்றில் பேய் இருப்பதாக ஒரு கதையை எடுத்துக்கொண்டு இயக்குநர் எங்கள் பக்கம் வந்தபோது, இந்த ஊர்க்காரி என்பதற்காகவே என்னைக் கூடவே வைத்துக்கொண்டார். அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இன்ஜினியரம்மா என்பார். அதில் மரியாதை இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

படப்பிடிப்பு திருச்சுழிக்குப் பக்கத்தில் நடந்தது. சீமைக்கருவேலத்துக்கு நடுவே ஓட்டுக்கூரை இடிந்த கொட்டகை. அவர் இறங்கியதும் சொன்ன முதல் வாக்கியம், "செத்த இடம். சூப்பர்" என்பது. அந்தச் செத்த இடத்திலிருந்து எட்டும் தூரத்தில் பெண்கள் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டக் காட்சிக்காக எம்.ரெட்டியபட்டியிலிருந்து கூலிக்கு அழைத்து வந்ததும் அப்படிப்பட்ட பெண்களைத்தான். கொட்டகையைப் பார்த்தபடி சும்மா நில்லுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் தகரத்தகடு ஒன்றை உயரத்திலிருந்து போடச் சொன்னார். பெண்கள் அலறிச் சிதறினார்கள். ஒருவர் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். இயக்குநர் திரையில் அந்த முகங்களைப் பார்த்துக் கைதட்டினார்.

விழுந்த அம்மா முழங்கையில் எச்சிலைத் தொட்டு வைத்துக்கொண்டே நேராக அவர் நாற்காலிக்கு வந்தார். "ஏன்யா, கத்துங்கன்னு சொன்னா கத்த மாட்டமா? ஒத்த வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சு போவீக?"

"கேட்டா நடிப்பீங்கம்மா. எனக்கு நடிப்பு வேணாம்."

"நடிப்பு வேணாமா? அப்பறம் எதுக்குய்யா சினிமா எடுக்க வந்தீக? எங்க ஊருப் பக்கம் வந்து வெள்ளாமை பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்த அலறல் படத்தில் இருக்கிறது. நான் அந்த அம்மாவின் கட்சி என்று நினைத்துக்கொண்டு அன்று அங்கே நின்றேன்.

பேய்ப்படம் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் தகரத்தகடுதான். கதவு அறைய வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், திடீரென்று ஒரு முகம் வர வேண்டும். இதில் வருவது பயம் இல்லை, திடுக்கிடல். கொதிக்கும் எண்ணெய் தெறித்தாலும் திடுக்கிடுகிறோம், அதற்காக யாரும் வாணலியை நினைத்து நடுங்குவதில்லை. ஒரு தேநீர் இடைவேளையில், என் பெருமை தாங்காமல், எனக்குத் தெரிந்ததை அவரிடம் சொன்னேன். பார்ப்பவர் கேட்பதையே மறந்துவிட்ட ஒரு சத்தம் முதலில் வேண்டும், படம் பாதி வரைக்கும் அது பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். ஒரேயடியாக எடுத்தால் கரண்டு போய்விட்டது என்று நினைத்து விசிறியைத் தேடுவார்கள். மூன்றாவதுதான் முக்கியம். மிச்சமிருக்கும் அமைதியில் கேட்கிற குரல் அப்போது ஆரம்பிக்கக் கூடாது. அது முதலிலிருந்தே அங்கே இருந்தது, மற்ற சத்தங்கள்தான் அதை மூடியிருந்தன என்று தெரிய வேண்டும். பேய் வரக் கூடாது, ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும். இயக்குநர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பின்னாளில் எல்லாப் பேட்டிகளிலும் இதைத் தன் வாயால் சொன்னார். அது போகட்டும்.

இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. எங்கள் தெருவில் காலை விடிந்தால் தறிகள் ஓடத் தொடங்கிவிடும். அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்காது, மூச்சு கேட்காதது போல. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுத் தறி முதலில் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் காதில் அந்தக் குறை விழும், எட்டிப் பார்ப்பார், தன் தறியை நிறுத்திவிட்டு வெளியே வருவார். அதைக் கேட்டு அடுத்த வீடு. யாரும் யாருக்கும் சொல்லி அனுப்புவதில்லை. எந்தத் திசையிலிருந்து அமைதி வருகிறதோ அந்தத் திசையை நோக்கித் தெரு முழுக்க நடக்கும்.

புதிய ரெக்கார்டர் வாங்கிய கையோடு விடுமுறைக்கு வந்தபோது, முற்பகலில் மொட்டைமாடியில் நின்று தறிச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டுச் சின்னம்மாவின் தறி ஒரு நொண்டித் தறி. மூன்று அடிக்கு ஒருமுறை தடுக்கும். அது நின்றது. சின்னம்மாவின் மகள் காமாலையில் படுத்திருந்தாள். என் வயதுக்காரி, பத்தாம் வகுப்பு வரை என் பெஞ்சில் இருந்தவள். பிறகு அடுத்த தறி நின்றது. அப்புறம் அதற்கடுத்தது. ஒவ்வொன்றாகச் சத்தம் விலக விலக, அடியிலிருந்து சின்னம்மாவின் குரல் மேலே வந்தது. அவர் அப்போது அழ ஆரம்பிக்கவில்லை. எவ்வளவு நேரமாகவோ அழுதுகொண்டிருந்திருக்கிறார், தறிகள் மூடியிருந்தன. எங்கள் வீடுகளில் பேசும் தெலுங்கில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "லேம்மா." எழுந்திரும்மா. "லேம்மா, லேம்மா."

அன்று மாலையோ மறுநாளோ, எனக்கு நினைவில்லை, அந்தப் பதிவையும் பட்டியலில் ஏற்றினேன். எண் நாற்பத்தொன்று. தறிகள் வரிசையாக நிற்பது, கிழக்கிலிருந்து. பெண் குரல் உண்டு. நான்கு நிமிடம் பத்து நொடி. தரம் என்ற கட்டத்தில் 'மிக நன்று' என்று எழுதினேன். 'யாருக்கும் தர வேண்டாம்' என்று எழுத எனக்கு ஒரு கட்டம் இருக்கவில்லை.

படத்துக்குத் தறிச் சத்தம் வேண்டுமென்று இயக்குநர் கேட்டபோது, மொத்தத் தொகுப்பையும் பட்டியலோடு கொடுத்தேன். அவ்வளவு ஒழுங்கான பட்டியல், காட்டாமல் இருக்க முடியவில்லை. அவர் நேராக 'மிக நன்று' இருந்த வரிகளை மட்டும் திறந்து கேட்டிருக்கிறார். இறுதிக் கலவை நடந்த அறையில், பேய் முதன்முதலாக வெளிப்படும் காட்சியில், நொண்டித் தறி நிற்பதைக் கேட்டேன். எனக்குக் கை சில்லிட்டது. அறையிலிருந்த மற்றவர்களுக்கும்தான். அவர்களுக்கு அது பேய்.

"அதை எடுத்துடுங்க சார். அது ஒரு அம்மா, பொண்ணு செத்தப்ப அழுதது. எனக்குத் தெரிஞ்சவங்க."

"அதான் இப்படி இருக்கா!" என்றார். கண் மின்னியது. "என்ன பாஷை அது? புரியாததுதான் பயமே."

எனக்குப் புரியும் என்றேன். படம் உங்களுக்காக எடுக்கவில்லை இன்ஜினியரம்மா என்றார். நான் விடாமல் கெஞ்சியபோது ஒரு பந்தயம் வைத்தார். இதைவிட நல்லதாக ஒன்றைச் செய்து கொடு, இதை எடுத்துவிடுகிறேன். மூன்று நாள் உழைத்தேன். தறிகளைத் தனித்தனியாக அடுக்கினேன். நல்ல டப்பிங் கலைஞர் ஒருவரை அழைத்து அழ வைத்தேன். இரண்டையும் அடுத்தடுத்து ஓட விட்டார். என்னுடையது சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான். நாற்பத்தொன்று ஓடியபோது என் கைமயிரே சிலிர்த்தது. "நீயே சொல்லு" என்றார். அவருடைய காது சரியான காது. அவரைப் பற்றிச் சொல்ல இருக்கும் அந்த ஒரு நல்லது இதுதான். அதற்காகவே அவரை இன்னும் கூடுதலாக வெறுக்கிறேன்.

படம் வெளியான வாரம் ஊருக்கு ஓடினேன், சின்னம்மா படத்தைப் பார்க்காமல் தடுத்துவிட வேண்டுமென்று. தெருவே பகல் காட்சிக்கு வேன் பேசியிருந்தது, திரையில் என் பெயர் வருமாம். சின்னம்மா, மகள் போன பிறகு முதல்முறையாகப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். படித்த பெண் என்பதால் என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார்.

"சின்னம்மா, இது பேய்ப்படம். உங்களுக்கு வேண்டாம்."

"பேய்க்கு நான் பயப்படணுமாக்கும்! வரட்டுமே, பாவு நூல் சுத்த ஆளில்லாமக் கெடக்கு. ஒரு கை பிடிக்கச் சொல்றேன்." வேனுக்குள்ளிருந்து யாரோ, "சம்பளம் கேக்காத ஆளுதான் அவளுக்கு வேணும்" என்றார்கள். சிரிப்பு. நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வேனில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்தக் காட்சி வந்தது. நொண்டித் தறி நின்றது. எங்கள் தெருக்காரர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, உடம்புதான் முந்திக்கொண்டது. இரண்டாவது தறி நின்றபோது அந்த வீட்டுக்காரர் இருட்டில் எழுந்து நின்றார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் நாலைந்து பேர் சேர்ந்தாற்போல். சாவு வீட்டுக்குப் புறப்படுகிறவர்களாகத் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள். "லேம்மா" கேட்டதும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியேறினார்கள். பின்வரிசையில் ஓர் இளவட்டம், "ஏலே, ஆளுக ஓடுறாகடா!" என்று விசிலடித்தான். சின்னம்மா மட்டும் எழவில்லை. நான்கு நிமிடம் பத்து நொடி முழுவதையும் உட்கார்ந்து கேட்டார். என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அழுத்தவில்லை, சும்மா பிடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் இயக்குநரைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், அறை, பந்தயம், மூன்று நாள். சொல்லும்போதே எல்லாம் இயக்குநரின் குற்றமாக வரிசையில் வந்து நின்றது எனக்கு வசதியாக இருந்தது. சின்னம்மா கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அன்னைக்கு நீ எங்கம்மா நின்ன?"

"மொட்டைமாடில, சின்னம்மா."

"தெரு பூராம் வந்துச்சு. காலு வராத கிழவியெல்லாம் வந்தாக. உன்னையத்தான் தேடுனேன், கூடப் படிச்ச பிள்ளையாச்சேன்னு. நீ ரொம்பப் பொறவுதான் வந்த."

இரண்டாவது தறி நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது தறி நிற்பதற்குள் படியிறங்கியிருக்கலாம். ஆனால் படியில் கால் வைத்தால் அந்தச் சத்தம் பதிவில் விழும். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கடைசித் தறி வரைக்கும் நின்றேன். இதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லத் தேவையுமிருக்கவில்லை. "அதைக் கொண்டாந்து குடு" என்றார். போய் ரெக்கார்டரை எடுத்து வந்து கொடுத்தேன். எப்படி இயக்குவது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லித் தரவில்லை.

அடுத்த வாரம் பட விளம்பரத்தில் ஒரு வரி வந்தது. அருப்புக்கோட்டையில் ரசிகர்கள் பயந்து எழுந்து ஓடினார்களாம். இயக்குநருக்கு நான் எழுதினேன், அவர்கள் ஓடவில்லை, சாவு வீட்டுக்குப் புறப்பட்டார்கள் என்று. அவர் பதிலுக்குக் கைபேசியில் கட்டைவிரல் குறி ஒன்றை அனுப்பினார்.

போன மாதம் ஊரில் இருந்தபோது அவரிடமிருந்து மறுபடி செய்தி வந்தது. இரண்டாம் பாகம் தொடங்குகிறார்கள். அதே மாதிரி இன்னொன்று உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். அதே மாதிரி இன்னொன்று கிடைக்க எங்கள் தெருவில் என்ன நடக்க வேண்டும் என்பதை அந்த மனிதர் ஒரு நொடிகூட யோசித்ததாகத் தெரியவில்லை. நான் சின்னம்மா வீட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன். நொண்டித் தறி ஓடிக்கொண்டிருந்தது. யாரு என்று கேட்டார். சொன்னேன்.

சின்னம்மா அறுந்த இழையை முடிந்துகொண்டே, "இன்னொண்ணு வேணுமாமா? இங்கிட்டு வரச் சொல்லு. இந்தத் தறி நிக்கிற வரைக்கும் மாடில உக்காந்து காத்துக் கெடக்கட்டும்" என்றார். பிறகு அலமாரியைக் காட்டி, "உனக்கு வேணும்னா எடுத்துட்டுப் போ" என்றார், என் முகத்தைப் பார்த்தபடி.

வேண்டாம் என்றேன். ரெக்கார்டரின் மேலிருந்த துணி ஒரு பக்கம் சரிந்து பஞ்சுத் தொப்பி வெளியே தெரிந்தது. அதை இழுத்து மூடிவிட்டு, பாவு பிடிக்க ஆளில்லை என்று அவர் என்றோ சொன்னது நினைவுக்கு வர, பாவு நூலின் இன்னொரு முனையில் போய் நின்றேன்.