சட்டத்தில் இல்லாத பூட்டு

இரும்பு அலவாங்கு என் இடது முழங்கையில் விழுந்தபோது முதலில் வலிக்கவில்லை. பச்சைத் தடி முறிவதுபோல் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அது என் கைக்குள்ளிருந்து வந்த சத்தம் என்று விளங்கச் சற்று நேரம் எடுத்தது. துணுக்காயில் ஓர் அரிசி ஆலை முற்றத்தில், உச்சி வெயிலில், ஆலைத் தொழிலாளர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க இது நடந்தது. அடித்தவர் ஆலை முதலாளி. நான் வவுனியாவிலிருந்து போன வரிக் கந்தோர் உத்தியோகத்தன். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்திருக்கிறேன். எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டிவரும் என்பதால் தள்ளிப்போட்டு வந்தேன்.

அவர் வருமான வரி விபரத்திரட்டு ஒருபோதும் அனுப்பியதில்லை. கடிதங்களுக்கும் பதில் இல்லை. அதனால் என்னை நேரில் அனுப்பினார்கள். ஏமாற்றுக்காரர் ஒருவரை எதிர்பார்த்துத்தான் போனேன். அவரோ என்னைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, தான் வரி கட்டுவதில்லை என்பதை ஒளிக்காமல் சொன்னார். “தம்பி, கட்டவேண்டிய கடமை எனக்கில்லை எண்டுதான் சொல்லுறன். ஒரு குடிமகன் வருமான வரி கட்டத்தான் வேணும் எண்டு எந்தச் சட்டத்திலை கிடக்கு? காட்டுங்கோ.” நான் பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து அந்தப் பிரிவை வாசித்தேன். கவனமாகக் கேட்டார். “இதை எழுதேக்கை எங்களைக் கேட்டவையோ?” என்றார். தனித்தனியாக யாரையும் கேட்பதில்லை, பாராளுமன்றம் நிறைவேற்றினால் வாக்குப் போட்டவரையும் போடாதவரையும் அது கட்டுப்படுத்தும், கடமை வருமானத்தோடு வருகிறது, சம்மதத்தோடு அல்ல என்று விளக்கினேன். இன்றைக்கும் சொல்வேன், அந்த விவாதத்தில் சட்டம் என் பக்கமே இருந்தது.

அதன் பிறகுதான் அவர் தன் தகப்பனின் கதையைச் சொன்னார். யுத்த காலத்தில் இதே ஆலைக்கு வரி கேட்டு இயக்கத்து ஆட்கள் வந்தார்கள். அவர்களும் கடதாசியோடுதான் வந்தார்கள். தோளில் துவக்கு இருந்தது. தகப்பன் மறுத்தார். கொண்டுபோய் நாலு நாள் வைத்திருந்து, கேட்டதைக் கட்டிய பிறகே அனுப்பினார்கள். திரும்பி வந்தவருடைய உள்ளங்கால்களில் தோல் இருக்கவில்லை. ஒரு மாதம் முழங்காலில் தவழ்ந்துதான் கிணற்றடிக்குப் போனாராம். பிறகு மற்றப் பக்கத்தாரான ஆமிக்காரர் வந்தார்கள். அவர்கள் கடதாசியும் காட்டவில்லை, களஞ்சியத்தை உடைத்து நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஷெல் விழுந்து ஆலையின் கூரையும் தகப்பனும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள். “துவக்கு வைச்சிருந்தவன் கேட்டான், குடுத்தம். நீங்கள் துவக்கில்லாமல் வந்திருக்கிறியள். நான் இல்லை எண்டால் என்ன செய்வியள்?”

அறிவித்தல் தருவோம், மேன்முறையீடு செய்ய உங்களுக்குக் காலம் இருக்கிறது, அதன் பிறகு நீதிமன்றம் தீர்மானிக்கும் என்பதே சரியான பதில். அது எனக்கு மனப்பாடம். ஆனால் நெல் தூற்றிக்கொண்டு நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சுட்டது. “நாளைக்குப் பொலிஸோடை வந்து மில்லைப் பூட்டுவன். நீங்கள் றோட்டிலைதான் நிக்கவேணும்” என்றேன். அப்படிப் பூட்ட எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை.

அவர் எழுந்து சுவரில் சாத்தியிருந்த அலவாங்கை எடுத்தார். முதல் அடியில் என் கை போயிற்று. விழுந்தேன். இரண்டாவது அடி விலாவில். மூன்றாவதை அவர் ஓங்கியபோது ஆலையோடு ஒட்டிய வீட்டின் குசினியிலிருந்து அவருடைய மனைவி ஓடிவந்து குறுக்கே விழுந்தா. அந்த அடி அவாவின் தலையில் இறங்கியது. காதிலிருந்து இரத்தம் குபுக்கென்று வந்து என் சேட்டில் கொட்டியது. இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். அலவாங்கு கல்லில் விழுந்து உருண்டது. பிறகு அந்த மனிதரிடமிருந்து வந்த ஒலியை நான் அதற்கு முன் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஆலை லொறியில் அவரே எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மனைவியின் தலை என் மடியில் கிடந்தது. வலது கையால் துணியை அவாவின் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன். குழிகளில் லொறி விழும்போதெல்லாம் என் எலும்புகள் ஒன்றோடொன்று உரசின. ஆஸ்பத்திரியில் காயத்தைக் கட்டிவிட்டு, தலையை ஸ்கான் பண்ண இங்கே வசதியில்லை, வவுனியாவுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு லொறியை வவுனியாப் பக்கம் திருப்பினார். மனைவி உயிர் பிழைத்தா, ஆனால் அந்தக் காது போய்விட்டது.

வழக்கு நடந்தது. அவர் அடித்ததை மறுக்கவில்லை. அவருடைய சட்டத்தரணி என்னிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் அழுத்திக் கேட்டார்: ஆலையைப் பூட்டுவேன் என்று மிரட்டினீர்களா? கந்தோரிலிருந்து என் மேலதிகாரிகளும் சாட்சியம் கேட்க வந்திருந்தார்கள். என் கை கழுத்தில் தொங்கியது, எல்லோருடைய இரக்கமும் என் பக்கம் இருந்தது. “இல்லை” என்றேன். தொழிலாளர்கள் ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. மனைவியின் சாட்சியத்தை, கணவனைக் காப்பாற்றச் சொல்கிறா என்று தள்ளினார்கள். அவருக்கு மூன்று வருட மறியல் தண்டனை விதித்துச் சிறைக்கு அனுப்பினார்கள்.

அடுத்த வருடம் அவருடைய மனைவி எங்கள் கந்தோருக்கு வந்தா. ஆலையை இப்போது தானே நடத்துவதாகச் சொல்லி, நிரப்பிய விபரத்திரட்டை என் மேசையில் வைத்தா. கேட்கிற காது என் பக்கம் இருக்கும்படி கதிரையைத் திருப்பிக்கொண்டா.

“இதுக்குச் சட்டம் இருக்கெண்டு அண்டைக்கு நீங்கள் வாசிச்சுக் காட்டினனீங்கள். நானும் குசினிக்குள்ளை நிண்டு கேட்டனான். அதுதான் கொண்டுவந்தனான்” என்றா. பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டா: “தம்பி, கோட்டிலை சத்தியம் பண்ணிப்போட்டுப் பொய் சொல்லுறதுக்கும் ஏதாவது சட்டம் இருக்கோ?”

“இருக்கு, அக்கா” என்றேன்.

அவா தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனா. நாலாம் நாள் அவாவின் கணவனுடைய சட்டத்தரணியிடம் போய், நான் சொன்னதையும் மறைத்ததையும் சத்தியக் கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். மேன்முறையீட்டில் அவருடைய தண்டனை பாதியாகக் குறைந்தது. எனக்கு வேலை போனது, அபராதமும் விழுந்தது. இப்போது முள்ளியவளையில் பிள்ளைகளுக்குக் கணக்கியல் சொல்லிக்கொடுத்து வாழ்கிறேன்.

போன மாதம் மாங்குளத்தில் வவுனியா பஸ்ஸுக்கு நின்றபோது ஆலை முதலாளியும் அதே பஸ்ஸுக்கு வந்து பக்கத்தில் நின்றார். மறியலில் முன்பற்கள் இரண்டை உடைத்திருந்தார்கள், பேச்சில் காற்றுப் போனது.

“கை நிமிருதோ?”

“முழுக்க இல்லை, அண்ணை.”

அவர் என் முழங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வருசா வருசம் கட்டுறம். கட்டத்தான் வேணும் எண்டு நீ சொன்னது சரிதான்” என்றார். “ஆனால் அண்டைக்கு நீ கேட்டது, அப்பாட்டை அவங்கள் கேட்ட மாதிரி.”

“ஓம்” என்றேன்.

வவுனியா பஸ் வந்தது. அவர் ஏறவில்லை, நானும் ஏறவில்லை.