ஒழுகினால் மட்டும் கூப்பிடுவார்கள்

தொழிற்சாலைகளில் கூலர் பராமரிப்பதுதான் என் வேலை: குழாய்க்குள் குளிர்ந்த தண்ணீர், வெளியே சூடான எண்ணெய், ஒன்றின் சூட்டை மற்றது வாங்கிக்கொள்ளும். அது ஒழுகும்வரை எங்களை ஒருவரும் தேட மாட்டார்கள். பராமரிப்பு வேலையில் காலம் தள்ளும் உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

சுவர்

பூச்சோங்கில் புதிதாகக் கட்டிய தொழிற்சாலை. கூலருக்குள் இருக்கும் குழாய்க் கட்டைப் பதினைந்தடி வெளியே இழுத்தால்தான் கழுவ முடியும். எதிரே மூன்றடியில் சுவர்! நானும் கூட்டாளி சரவணனும் முதல் நாள் முழுக்கச் சுவரைத்தான் இடித்தோம். வடிவமைத்த இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "டிராயிங்ல நல்லாதான் இருந்துச்சு லா, அண்ணே."

குழாய்

போர்ட் கிள்ளானில் ஓர் எண்ணெய் ஆலை. கூலருக்கு வரும் தண்ணீரில் உப்பு அதிகம். சாதாரண இரும்புக் குழாய் தாங்காது, செப்பும் நிக்கலும் கலந்ததைப் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் இரும்பையே வாங்கினார். ஆண்டு திரும்புவதற்குள் ஓட்டை. ஓட்டையான குழாய்களை இரண்டு முனையிலும் அடைத்தோம். அடைக்க அடைக்க எண்ணெய் ஆறுவதும் குறைந்தது.

"அப்பவே சொன்னேனே, பாஸ்" என்றேன்.

"ஒழுகினா அடைக்கத்தானே நீங்க இருக்கீங்க?"

வால்வு

அதே கூலரில், சூடான எண்ணெயை நிறுத்தும் வால்வு முழுதாக மூடாது. மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதினேன். ஆலையை நிறுத்தும் அடுத்த ஷட்டவுனில் பார்க்கலாம் என்றார் மேனேஜர். ஒரு திங்கட்கிழமை காலை, இன்னொரு ஓட்டையை அடைக்கச் சரவணன் கூலர் முனையிலிருக்கும் மூடியின் போல்ட்டைத் தளர்த்தினான். எண்ணெய் வடிந்திருக்கும், கழற்று என்று சொன்னது நான்தான். மூடாத வால்வைத் தாண்டி, குழாயின் ஓட்டை வழியாக மூடிக்குப் பின்னால் வந்து நின்றிருந்த சூடான எண்ணெய் அவன் வலது கையில் கொட்டியது.

கிள்ளான் ஆஸ்பத்திரியிலிருந்து மேனேஜருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஓகே. மூடியைத் திரும்ப மாட்டிட்டீங்களா?"

கையெழுத்து

நான் கையெழுத்துப் போட வேண்டிய விபத்து அறிக்கையை ஆலையில் தயாராக வைத்திருந்தார்கள்: 'மூடியைக் கழற்றியவரின் கவனக்குறைவு'. வால்வைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கையெழுத்துப் போடாவிட்டால் இந்த ஆலை வேலையே நம் கையைவிட்டுப் போய்விடும் என்றார், பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருக்கும் என் முதலாளி. போட்டேன்.

அன்றைக்கே பண்டமாரானில் சரவணன் வீட்டுக்குப் போய், கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"நானா இருந்தாலும் போட்டிருப்பேன், அண்ணே."

அந்த மாதமே வால்வை மாற்றினார்கள். மொத்தம் இரண்டு மணி நேர வேலை.