பின்னாலை வருதோ?

அன்று அந்த இடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என்னுடைய கணவர், அவரோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்து ஒரே வருடம் பென்சன் எடுத்த சிநேகிதர், அந்தச் சிநேகிதரின் மனைவி, பிறகு அன்று காலை வரைக்கும் நாங்கள் முகம் பார்த்திராத, வயல் செய்கிற ஒரு டெனிஸ் கமக்காரர். வேறு ஒருவரும் இல்லை. இதை ஏன் முதலிலேயே எழுதுகிறேன் என்றால், பிறகு எங்கள் சனம் தொலைபேசியில் பலவிதமாகக் கதைத்தது. கண்ணால் பார்த்த மாதிரிச் சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

போன வருடத்துக்கு முந்திய வருடம், ஆடி அமாவாசை அன்று நடந்தது. இடம், டென்மார்க்கின் மேற்குக் கடற்கரை ஓரமாகப் போகிற ஒரு சின்ன வீதி. இரண்டு பக்கமும் விளைந்த பார்லி வயல்.

நாங்கள் பிராண்டேயில் இருக்கிறோம். சிநேகிதர் குடும்பமும் இங்கேதான் இருந்தது. பென்சன் எடுத்த பிறகு மகளின் வீட்டுக்குக் கிட்ட என்று ஸ்கீவ பக்கம் போய்விட்டார்கள். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். ஆனால் எங்களுக்குத் தெரிந்த டென்மார்க் என்பது வீடு, தொழிற்சாலை, கோயில், கடை, மற்றவர்களின் கலியாண மண்டபம். அவ்வளவுதான். ஆண்கள் இரண்டு பேரும் தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் இருந்தே கதைத்து வைத்திருந்தார்கள், பென்சன் எடுத்ததும் இந்த நாட்டை ஒரு முனையில் இருந்து மறு முனை வரை பார்ப்பது என்று. ஹோட்டலில் தங்கக் கட்டாது, சாப்பாடும் ஒத்துவராது. அதனால் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பழைய கரவன் வாங்கினார்கள். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற சின்ன வீடு. முன்பக்கம் ஆண்கள் படுக்க, பின்பக்கம் நாங்கள் இரண்டு பெண்களும் படுத்தோம். நடுவில் என்னுடைய பழைய நூல்சேலை ஒன்று திரையாகத் தொங்கியது. குறட்டைக்கு மட்டும் திரை போட முடியவில்லை.

கரவனை இழுக்கிற லைசென்ஸ் என் கணவரிடம் மட்டும்தான் இருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படித்தவர்களுக்கு ஒரு சாமான் எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். எனக்கு அது எப்படி உடையும் என்றுதான் முதலில் தோன்றும். காஸ் சிலிண்டரைப் பூட்டியாச்சா, டயரில் காற்று இருக்கிறதா, பாலத்தில் காற்றடித்தால் என்ன செய்வது, இதுவேதான் என் கதை. எல்லாவற்றையும் விடப் பெரிய பயம், ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கரவன் கழன்று போய்விடும் என்பது. அதனால் காரில் பின் இருக்கையில் இருந்துகொண்டு கழுத்தைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டு போவேன். வளைவில் கொஞ்சம் மறைந்தாலும் கேட்டுவிடுவேன்.

"பின்னாலை வருதோ?"

"வருது, வருது. எங்கை போகப்போகுது?" என்பார் இவர்.

சிநேகிதர் விடமாட்டார். "இல்லைத் தங்கச்சி, அது போன சந்தியிலை இறங்கி பஸ் எடுத்திட்டுது" என்பார். நாலு பேரும் சிரிப்போம். நானும்தான் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே இன்னொருதரம் திரும்பிப் பார்ப்பேன்.

அந்தப் பயணத்தில் ஆடி அமாவாசை வந்தது. தகப்பன் இல்லாதவர்கள் விரதம் இருந்து, கடலில் தீர்த்தமாடி, பிறகு சமைத்துப் படைத்துச் சாப்பிடுகிற நாள். ஊரில் என்றால் கீரிமலைக் கடல். இங்கே எந்த அமாவாசையும் வேலை நாளாகத்தான் வந்தது. வீட்டுக் குழாயில் குளித்துவிட்டுத் தொழிற்சாலைக்கு ஓடியவர்கள். பென்சன் எடுத்த பிறகு முதல்முறை, கடல் பக்கத்திலேயே இருக்க, அமாவாசையும் வந்தது. தகப்பனை இழந்த ஆண்கள் இரண்டு பேருக்கும் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சந்தோஷம். வாழைக்காய், பாகற்காய், கீரை எல்லாம் முதல் நாளே வாங்கிக் கரவனில் வைத்தோம். பாயசத்துக்குச் சவ்வரிசியும் ஒரு பை சீனியும்.

இவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. அன்று காலை, தங்கியிருந்த இடத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போலக் கேட்டேன், ஊசி போட்டாச்சோ என்று. போட்டாச்சு என்றார். எனக்கு ஒரு பாரம் குறைந்தது. அன்றைய பயங்களில் ஒன்று முடிந்தது என்று நினைத்தேன். ஊசி மருந்து ஒரு கடமை, விரதம் ஒரு கடமை. இரண்டையும் அவர் குறையில்லாமல் செய்தார். வெறும் வயிற்றில் அந்த ஊசி என்ன செய்யும் என்று எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், விரதத்துக்குப் பயப்படவில்லை. அது சாமி காரியம் அல்லவா?

எட்டு மணிபோலத் தீர்த்தமாடி, மத்தியானத்துக்கு முன் சாப்பிடுவது என்றுதான் திட்டம். ஆனால் போய்ச் சேர்ந்த கரையில் சிவப்புக் கொடி பறந்தது. கடல் கறுத்துப்போய் மலை மாதிரி எழும்பியது. குளிக்கக் கூடாது. இன்னும் வடக்கே ஒரு கரை இருக்கிறது, அங்கே பார்ப்போம் என்று இவர் சொன்னார். சிநேகிதரின் மனைவி ஒரு வாழைப்பழத்தை உரித்து நீட்டினார்.

"அண்ணை, இதை எண்டாலும் வாயிலை போடுங்கோ. நேரம் போகுது."

"தீர்த்தமாடாமல் ஒண்டும் வைக்கேலாது பிள்ளை. அப்பு மேலையிருந்து பாத்துக்கொண்டிருப்பர்."

உரித்த பழத்தைச் சிநேகிதரின் மனைவி தானே சாப்பிட்டார். எனக்கு என் கணவரை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தச் சின்ன வீதியில் ஏறிக் கொஞ்ச நேரம் போயிருக்கும். ஒரு வளைவில் கரவன் மறைந்தது. நான் கேட்டேன், பின்னாலை வருதோ என்று.

"வாயை மூடிக்கொண்டு இரு!"

கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவர் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. பிறகு சிநேகிதர்தான் சிரித்துச் சமாளித்தார். "மச்சானுக்குப் பசி வந்திட்டுது" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தக் கண்ணோடு பின் கண்ணாடியால் கரவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒருதரம் வெள்ளைக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போய் வந்தது. பிறகு இன்னொருதரம். சிநேகிதருக்கோ இவருக்கோ சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் இன்னும் கோபிப்பார் என்று விழுங்கிவிட்டேன். அவருடைய சட்டைக் கழுத்து நனைந்து ஒட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை. நான்தான் முன்னுக்குப் பார்ப்பதே இல்லையே.

மூன்றாம் தரம் அது திரும்பி வரவில்லை. கார் மெதுவாகத்தான் போனது. மெதுவாகவே பார்லிக்குள் இறங்கி நின்றது. கரவன் வாய்க்காலுக்குள் வலப்பக்கமாகச் சரிந்து விழுந்தது.

எங்களில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. கடவுளே என்று நான் கும்பிட்டேன். அப்போதுதான் முன்னுக்குப் பார்த்தேன். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வேர்வை ஒழுக, தொழிற்சாலைக் காலத்து டெனிஸில் யாரோ ஒரு மேலாளருக்கு, இந்தா வருகிறேன், இந்தா வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிநேகிதர் மாரடைப்பு என்று நினைத்து நெஞ்சைத் தடவினார். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். முதல்முறையாக என் வாயால் அவருடைய பேரைச் சொன்னேன். அவர் திரும்பவில்லை.

வயலுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இருந்து கமக்காரர் வந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். கதவைத் திறந்து இவருடைய முகத்தைப் பார்த்ததுமே ஒன்று கேட்டார். எனக்கு அதில் சீனி என்கிற சொல் மட்டும் விளங்கியது. ஓம் என்று தலையை ஆட்டினேன். தன்னுடைய தாய்க்கும் இருந்தது என்றாராம். அம்புலன்சுக்குப் போன் அடித்துக்கொண்டே, இனிப்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. ஒரு பை நிறையச் சீனி இருந்தது. சரிந்து கிடந்த கரவனுக்குள். அதன் கதவு வலப்பக்கம். அந்தப் பக்கம்தான் வாய்க்கால் மண்ணில் அமர்ந்திருந்தது.

அந்த மனிதர் நட்டுக் கழற்றுகிற ஒரு பெரிய சாவியால் கரவனின் யன்னலை உடைத்தார். எங்களில் மெலிந்தவர் சிநேகிதரின் மனைவி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அறுபது வயதில், உடைந்த யன்னலால் உள்ளே இறங்கினார். பாத்திரங்கள் உருளுகிற சத்தம் கேட்டது. "காணேல்லையே, அக்கா, காணேல்லையே" என்று உள்ளே இருந்து அழுகிற சத்தமும் கேட்டது. கடைசியில் பை வந்தது. ஆனால் அதற்குள் இவருடைய பல்லுக் கிட்டிவிட்டது. நாங்கள் தண்ணீரில் கரைத்து ஊற்றப் போனோம். கமக்காரர் தடுத்தார், மூச்சுக்குள் போய்விடும் என்று. தன்னுடைய விரலில் சீனியைத் தொட்டு இவருடைய கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தார். மண் காயாத விரல். திரும்பத் திரும்பத் தேய்த்தார்.

அம்புலன்ஸ் வர நேரம் எடுத்தது. அந்தப் பக்கம் எல்லாமே தூரம்.

ஏன் சாப்பிடாமல் இருந்தார் என்று கமக்காரர் கேட்டார். சிநேகிதர், தகப்பனுக்காக என்றார். தகப்பனுக்குச் சுகமில்லையா என்று கேட்டார் அந்த மனிதர். இல்லை, செத்து நாற்பது வருடம் என்று சிநேகிதர் சொன்னார். அவருடைய வயிறும் அன்று வெறும் வயிறுதான். கமக்காரர் மறுபடி விரலைச் சீனியில் தொட்டார்.

அம்புலன்சில் போகும்போது இவருடைய இருதயம் நின்றதாம். திரும்ப ஓடவைத்துவிட்டார்கள். ஆனால் மூளை திரும்பவில்லை. கோப்பன்ஹேகனில் இருந்து மகன் வந்தான். அவன் டெனிஸில் நிறையக் கேட்டான், டொக்டர் டெனிஸில் நிறையச் சொன்னார். எனக்குத் தமிழில் கிடைத்தது, "அப்பா உயிரோட இருக்கிறார் அம்மா" என்கிற ஒரு வசனம். மிச்சத்தை நான் அவனுடைய முகத்தில் இருந்து எடுத்துக்கொண்டேன்.

ஊசி போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், விரத நாளுக்கு முன் தயவுசெய்து ஒருதரம் டொக்டரைக் கேளுங்கள். இதை எழுதச் சொல்லி என்னை வற்புறுத்தியவர் சிநேகிதரின் மனைவி.

கரவனைக் கமக்காரர் டிராக்டரால் இழுத்துத் தன்னுடைய கொட்டகையில் விட்டிருந்தார். இங்கே குளிர்காலத்துக்குக் கரவன்களை அப்படித்தான் கமக்காரரின் கொட்டகைகளில் வரிசையாக விட்டுவைப்பார்கள். கொஞ்ச நாள் கழித்து சிநேகிதரும் நானும் போனோம். உடைந்த யன்னலுக்குத் தடித்த பலகை அடித்திருந்தார். அழுகிய மரக்கறியை எறிந்து, பாத்திரங்களைக் கழுவி அடுக்கியிருந்தார். தர்ப்பையும் எள்ளும் மட்டும் என்னவென்று தெரியாமல், எறியவும் மனம் வராமல், ஒரு வெள்ளைக் கடதாசியில் மேசை நடுவில் வைத்திருந்தார். அதைப் பார்த்த இடத்தில்தான் சிநேகிதர் வாய்விட்டு அழுதார். எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டோம். மற்றவர்கள் ஒரு குளிர்காலத்துக்கு இரண்டாயிரத்து இருநூறு குரோனர் தருகிறார்கள், நீங்கள் எடுக்க வரும்போது தாருங்கள் என்றார்.

"ஓட்ட ஆளில்லாத வண்டி என்னத்துக்குத் தங்கச்சி? வித்துவிடுவம்" என்று சிநேகிதர் பிறகு இரண்டு மூன்று தரம் கேட்டார். அவர் கேட்பது நியாயம். பாதி அவருடையது. "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்கிறேன். இப்போது அவரும் கேட்பதில்லை.

இவர் இப்போது பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். என்னை மனைவி என்று தெரியாது. அங்கே வேலை செய்கிறவர்களில் ஒருத்தி என்று நினைக்கிறாரோ என்னவோ, மரியாதையாகச் சிரிப்பார். மத்தியானம் சக்கர நாற்காலியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு போவேன். வாசலைத் தாண்டியதும் கழுத்தைக் கஷ்டப்பட்டுத் திருப்பி, என்னைத் தாண்டிப் பின்னால் பார்ப்பார். நாள் முழுவதும் அவர் கதைப்பது அந்த ஒன்றுதான்.

"பின்னாலை வருதோ?"

"வருது, வருது" என்கிறேன். "எங்கை போகப்போகுது?"

அதைக் கேட்டால் சமாதானமாகி முன்னுக்குத் திரும்பிவிடுவார். அந்தக் கரவன் அந்தக் கொட்டகையில் நிற்கும் வரைக்கும் நான் அவருக்குச் சொல்வது முழுப் பொய் இல்லை. எந்த பில் வந்தாலும் அன்றே கட்டாவிட்டால் நித்திரை வராதவள் நான். என் வாழ்க்கையில் கட்டி முடிக்கப் பயப்படுகிற ஒரே கடன், இரண்டு குளிர்காலத்துக்கும் சேர்த்து அந்தக் கமக்காரருக்கு இன்னும் கொடுக்க வேண்டிய நாலாயிரத்து நானூறு குரோனர்.