தேர் நாளில் சுற்றிச் சுற்றி வந்த போன் கால்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர். சுற்றுப்பட்டு ஜனம் எல்லாம் வடம் பிடிக்கப் போயிருக்க, நான் மட்டும் ராஜபாளையத்தில், எங்கள் மில் ஆபீஸில், கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒரு போன் காலுக்காக!

எங்கள் மில்லுக்கு இரண்டு ஊரிலும் ஆபீஸ் உண்டு. நடுவில் சொந்த லைன் போட்டு, பேச்சைக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்புகிறோம் — இன்டர்நெட் டெலிபோன் என்கிறார்களே, அந்தச் சமாச்சாரம்தான். ஊருக்கு ஒரு சர்வர். கால் வந்தால் ஒரு சர்வர் இன்னொன்றிடம், 'உங்கள் ஆளுக்கு வந்திருக்கிறது, மணி அடியுங்கள்' என்று சொல்லும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸ் டைப்பிஸ்ட் பாக்கியம். கணவர் ராணுவத்தில். அன்று மலைமேல் முகாமுக்குப் போகிறார். இறங்கி வரும்வரை போன் கிடையாது. கிளம்பும் முன் அந்த ஆபீஸ் நம்பருக்குப் பேசுவதாகச் சொல்லியிருந்தார். தேருக்காக அங்கே லீவு; கால்களை ராஜபாளையத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அதனால் பாக்கியம் பஸ் ஏறி எங்கள் ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

மேஜையில் போன்... மூச்சே விடவில்லை.

"சார், அவிய பூத்துல வரிசையில நின்னுதான் பேசணும். ரொம்ப நேரம் அடிச்சுப் பாக்க விடமாட்டாவ."

எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, நானே அந்த நம்பரை அடித்தேன். எங்கேஜ்டு! பூட்டிக் கிடக்கிற ஆபீஸில் யார் பேசுகிறார்கள்?

லைனைச் சோதித்தேன். பழுதில்லை. சர்வரை நிறுத்தி மறுபடி போட்டேன். அதே எங்கேஜ்டு.

"விடுங்க சார்... என் விதி" என்று பாக்கியம் எழுந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "விதியாவது ஒண்ணாவது! நீ பூத்துக்குப் போயி ஒருக்கா அடிம்மா. நான் இங்க பாக்கேன்."

அவர் அடித்தார். நான் திரையில் கண்ணை வைத்தேன். கால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தது. வந்த வேகத்தில் அங்கேயே திரும்பிப் போனது. மறுபடி வந்தது, போனது... கடைசியில் சர்வரே அலுத்துப்போய் அறுத்துவிட்டது.

விஷயம் இதுதான். எங்கள் ஆபரேட்டர் சுப்பையா, தேருக்குக் கிளம்பும்போது எங்கள் கால்களையெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திருப்பிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் கேட்டால் என்ன சொன்னார் தெரியுமா?

"தேரு அங்கதான சார் ஓடுது? அங்க ஆள் இல்லாமயா இருக்கும்னு நெனச்சேன்!"

இரண்டு ஆபீஸும் அடுத்தவரை நம்பித் தேர் பார்க்கப் போய்விட்டன. சர்வர்கள் சொன்னதைச் செய்தன, பாவம்.

சுப்பையா போட்டதை எடுத்தேன். பாக்கியம் ஓடி வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்தார். காத்திருந்தோம். இதற்குள் அவர் கணவரை வரிசையிலிருந்து அனுப்பிவிட்டிருந்தால்?

மணி அடித்தது!

"ஏங்க... எம்புட்டு நேரமாக் காத்துக் கெடக்கேன்... சாப்டீயளா?"

நான் வெளியே வந்துவிட்டேன். கண் கலங்கியது, மறைப்பானேன்?

இந்த வருடம் நான் வடம் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்றை நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்!